கொல்லையில் நீல முட்டை: இரண்டு மழைக்காலம், இரண்டு கோடை

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சென்னையை அடுத்த சேலையூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் முட்டைப் பெட்டியிலிருந்து 43 கிராம் எடையுள்ள வெளிர்நீல முட்டை ஒன்றை எடுத்தேன். தபால் நிலையத்தில் வாங்கும் இன்லண்ட் கடிதத்தின் நீலம் அது. அதற்காக 2023 ஜூன் முதல் காத்திருந்தேன். இடையில் ஒரு வெள்ளம், ஒரு பெருச்சாளி, ஓர் அம்மைத் தாக்குதல், எல்லாவற்றுக்கும் மேலாக நானே நம்பிச் செய்த ஒரு பெரிய தவறு என எல்லாம் வந்துபோயின. இப்போது ஒரு முழுக் கோடையையும் கடந்துவிட்டதால், நடந்தவற்றைச் செலவுக் கணக்குடன் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

சிறு வயதில் எங்கள் தெருவுக்கு இளஞ்சிவப்பும் பச்சையுமாகச் சாயம் தோய்த்த குஞ்சுகளைக் கூடையில் கொண்டுவந்து விற்பார்கள். அவை ஒரு வாரம் பிழைத்தாலே அதிகம். அந்த வருத்தம் மனத்தில் தங்கியிருந்ததாலோ என்னவோ, சாயமே இல்லாமல் நீலமாகவும் பச்சையாகவும் முட்டையிடும் கோழிகள் உண்டு என்று அறிந்தபோது, அவற்றை நம் வெயிலிலும் ஈரத்திலும் வளர்த்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது.

முதல் கூண்டை 8 அடிக்கு 5 அடி அளவில், செங்கல் பரப்பிய தரையின் மேலேயே அமைத்தேன். சவுக்குக் கழிகள், அறுகோணக் கண்கள் கொண்ட சாதாரணக் கோழிவலை, மேலே பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு இரண்டு. கூலியுடன் 7,200 ரூபாய் ஆனது. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மாதக் குஞ்சுகளாக ரோட் ஐலண்ட் ரெட் நான்கும் வெள்ளை லெகார்ன் இரண்டும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிப் பெட்டை ஒன்றும் வாங்கினேன். பழுப்பு, வெள்ளை, இளமஞ்சள் ஆகிய மூன்று நிறங்களுக்கு இவை போதும் என்பது கணக்கு. பக்கத்து வீட்டு அக்கா, “கருங்கோழி வாங்கும்மா, அது கறுப்பு முட்டை போடும்” என்றார். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த கடக்நாத் கோழிக்குத் தோலும் இறைச்சியும் கறுப்பாக இருந்தாலும் முட்டை இளமஞ்சளாகவே இருக்கும். சிறுவிடையின் முட்டையோடு வைத்தால் நிறத்தைக் கொண்டு பிரிப்பது கடினம் என்பதால் அதை நான் வாங்கவில்லை.

மூன்றாவது வாரமே பெருச்சாளி வந்தது. வலையை அது கடிக்கவில்லை. செங்கல்லின் ஓரத்தில் மண்ணைத் தோண்டி உள்ளே புகுந்து, ஒரே இரவில் ரோட் ஐலண்ட் ரெட் இரண்டையும் லெகார்ன் ஒன்றையும் கொன்றுவிட்டது. காலையில் பார்த்தபோது என் முழங்கை நுழையும் அளவுக்கு வளை இருந்தது. வளையில் கண்ணாடிச் சில்லும் சிமென்டும் போட்டு அடைத்தேன். நான்கு நாளில் ஒன்றரை அடி தள்ளிப் புதிய வளை வந்தது. எஞ்சியவற்றை இரவில் வீட்டுக்குள் அட்டைப் பெட்டியில் அடைத்துத்தான் ஆடி மாதத்தைக் கடத்தினேன்.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. 4ஆம் தேதி மாலைக்குள் கொல்லையில் முழங்கால் அளவு நீர் ஏறிவிட்டது. கோழிகளை மாடிப்படியின் கீழே கட்டிப்போட்டுக் காப்பாற்றிவிட்டோம். ஆனால் தரையில் பரப்பியிருந்த தென்னை நார்க்கழிவு நீரை உறிஞ்சி, வாரக்கணக்கில் காயாமல் கிடந்து, கண்ணை எரிக்கும் அம்மோனியா நெடியைக் கிளப்பியது. சென்னையின் மழைக்காலத்தில் தரையோடு தரையாகக் கோழிக்கூண்டு வைப்பது சரிவராது என்று அப்போதே முடிவு செய்து, பொங்கல் முடிந்ததும் கூண்டைப் பிரித்தேன்.

இரண்டாவது கூண்டு இரும்புக் கோணச் சட்டத்தில் ஆனது. தாம்பரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரண்டேகால் அடி உயரக் கால்களுடன் செய்து தந்தார்கள். சட்டத்துக்கு 6,500, அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) ஒரு சுருளுக்கு 4,200, கூரைக்குத் துத்தநாகத் தகடு 2,100, கூலி 2,000, ஆக 14,800 ரூபாய். கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். பெருச்சாளியையும் கீரியையும் வெளியே நிறுத்தாது. அதை அறிய எனக்கு மூன்று உயிர்களும் 7,200 ரூபாயும் தேவைப்பட்டன. கூண்டின் நான்கு புறமும் மண்ணில் ஓர் அடி அகலத்துக்கு அதே மெஷ்ஷைப் படுக்கையாக விரித்து, மேலே மண்ணும் கல்லும் போட்டேன். தோண்டும் விலங்கு சுவரின் அடியில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே வலை தடுத்தால் பின்வாங்கித் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு பறவைகூடக் கூண்டுக்குள் பலியாகவில்லை. உட்காரும் கழிக்கு இரண்டு அங்குலக் கட்டையின் விளிம்புகளை இழைத்து உருட்டிப் போட்டேன். முட்டைப் பெட்டிகள் ஓர் அடி நீள, அகல, உயரத்தில் மூன்று. நார்க்கழிவுக்குப் பதிலாகத் தச்சுப் பட்டறையின் இழைப்புச் சீவலை மூன்று அங்குலத்துக்குப் பரப்பினேன். மூட்டை 60 ரூபாய், ஈரமானால் இரண்டு நாளில் காய்ந்துவிடுகிறது.

கூண்டு ஒரு பக்கம் இருக்க, முட்டைகளைப் பொரிக்க வைக்கும் அடைபொறியை (இன்குபேட்டர்) நானே செய்தேன். மீன் அங்காடியில் வாங்கிய தெர்மாகோல் பெட்டி 150, ரிச்சி தெருவில் டபிள்யூ 1209 என்னும் வெப்பக் கட்டுப்பாட்டுப் பலகை 150, பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் 180, பழைய கணினி விசிறி 100, ஈரப்பதமானி 220, பல்பு, ஹோல்டர், ஒயர் எல்லாம் சேர்த்து 120, மொத்தம் 920 ரூபாய். அந்தப் பலகையின் உணரியை நம்பி அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் உணரியையும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் ஒன்றாக முக்கிப் பார்த்தபோது, பலகை 0.8 டிகிரி குறைத்துக் காட்டியது. அதைத் திருத்தாமல் 37.6 என்று வைத்திருந்தால் கருக்கள் 38.4 டிகிரியில் வெந்திருக்கும்.

என் பெரிய தவறு தொடங்கியது இங்கேதான். திருவள்ளூர்ப் பக்கம் ஒரு வளர்ப்பாளரிடம், “சேவல் நீல முட்டை வம்சம், பெட்டைகள் நாட்டுக்கோழி” என்ற விளக்கத்தோடு, ஒன்று 80 ரூபாய் வீதம் 12 முட்டைகள் வாங்கினேன். முட்டைகள் இளமஞ்சளாக இருந்தன. அதில் எனக்கு ஐயம் எழவில்லை. முட்டை ஓடு உருவாவது தாய்க்கோழியின் கருப்பையில் என்பதால், தந்தையின் வம்சம் அந்த ஓட்டில் தெரியாது, பிறக்கும் பெட்டை பெரிதாகி இடும் முட்டையில்தான் தெரியும். அதுவரை சரிதான். சேவல் அந்த வம்சம்தான் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டேன். “கொண்டையைப் பாருங்கம்மா” என்று அவர் காட்டினார். ரம்பம்போல் நிமிர்ந்த ஒற்றைக் கொண்டையாக இல்லாமல், மூன்று வரிசை மொட்டுகளாகத் தலையோடு ஒட்டியிருந்த சிறிய கொண்டை. நானும் படித்திருந்தேன்: சிலி நாட்டின் அரௌகானா கோழியில் நீல ஓட்டுக்கான மரபணுவும் இந்தப் பட்டாணிக் கொண்டைக்கான மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருப்பதால், பெரும்பாலும் சேர்ந்தே குஞ்சுக்குப் போகும், ஆகவே கொண்டையைப் பார்த்தே குஞ்சைத் தேர்ந்தெடுக்கலாம். அவர் சொன்னதும் நான் படித்ததும் பொருந்தியதால் வாங்கிவிட்டேன்.

2024 ஜனவரி 28 அன்று அடைபொறியில் வைத்தேன். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒன்பது கருக்கூடியவை. புத்தகத்தில் உள்ளபடி பெட்டிக்குள் இரண்டு கிண்ணம் நீர் வைத்திருந்தேன். 21ஆம் நாள், பிப்ரவரி 18 அன்று, ஐந்து குஞ்சுகள் வெளியே வந்தன. நான்கு ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தன. உடைத்துப் பார்த்தபோது அவை முழுமையாக வளர்ந்து, கொழகொழவென்ற நீரில் கிடந்தன. அடைகாக்கும் முதல் பதினெட்டு நாளில் முட்டை தன் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நீரை இழக்க வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகிக் குஞ்சு முதல் மூச்சை எடுக்க இடம் கிடைக்கும். என் முட்டைகள் சராசரி 51 கிராமிலிருந்து 45 கிராமுக்கு இறங்கியிருக்க வேண்டும். சமையலறைத் தராசில் 18ஆம் நாள் நிறுத்தபோது 48 காட்டியது. எடுத்து எழுதினேனே தவிர, அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. வறண்ட ஊர்களுக்கு எழுதப்பட்ட அளவை, காற்றே ஈரமாக இருக்கும் கடற்கரை ஊரில் அப்படியே பின்பற்றியதன் விலை அந்த நான்கு குஞ்சுகள்.

பிழைத்த ஐந்தில் மூன்றுக்குப் பட்டாணிக் கொண்டை. அவற்றில் இரண்டு பெட்டை. இருபத்து நான்கு வாரங்கள், தனியே தீவனம் வைத்து, ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோயைத் தடுக்கும் லசோட்டா சொட்டு மருந்து கண்ணில் விட்டு வளர்த்தேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் முதல் பெட்டை முட்டையிட்டது: இளமஞ்சள். பதினைந்தாம் தேதி இரண்டாவதும் இட்டது: அதே இளமஞ்சள். அன்று மாலை அந்த இரண்டு முட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கொல்லைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

விடை நம் ஊரிலேயே இருந்தது. நம் அசில் கோழிக்கு, அதாவது பெருவிடைச் சண்டைக்கோழிக்கு, இயல்பிலேயே பட்டாணிக் கொண்டை உண்டு. நீல மரபணுவோ கிடையாது. தமிழ்நாட்டில் கிராமத்துக்குக் கிராமம் அசில் கலப்பு இருப்பதால், இங்கே பட்டாணிக் கொண்டை என்பது அசில் இரத்தத்துக்கு அடையாளமே தவிர நீல முட்டைக்கு அல்ல. அரௌகானா மட்டுமே உள்ள மந்தையில் உதவக்கூடிய குறிப்பு, நம் மண்ணில் ஏமாற்றும் குறிப்பாகிவிடுகிறது. எதிர்த்திசையிலும் கொண்டை உதவாது: பிரிட்டனில் உருவாக்கப்பட்ட கிரீம் லெக்பார் இனம் ஒற்றைக் கொண்டையுடன் நீல முட்டை இடுகிறது. அந்த வளர்ப்பாளர் என்னை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் அதே கொண்டையை நம்பித்தான் அந்தச் சேவலை நல்ல விலைக்கு வாங்கியிருந்தார்.

இரண்டாம் முறை ஒரே விதியை வைத்துக்கொண்டேன்: முட்டையே நீலமாக இருந்தால் மட்டும் வாங்குவது. இட்ட தாயிடம் மரபணு இருப்பதற்கு அதைவிட உறுதியான சான்று வேறில்லை; தாயிடம் அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டுமே இருந்தாலும் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதிக்கு அது போய்ச் சேரும். வேறொருவரிடம் விசாரித்து, முதலில் ஓர் உடைந்த ஓட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஓட்டின் உட்புறமும் நீலமாகவே இருந்தது. நீலத்தைத் தரும் பிலிவெர்டின் என்னும் நிறமி, ஓடு உருவாகும்போதே அதன் முழுத் தடிமனிலும் கலந்துவிடும். பழுப்பைத் தரும் புரோட்டோபோர்ஃபிரின் என்னும் நிறமி, கடைசிச் சில மணி நேரத்தில் வெளிப்பரப்பில் மட்டும் படியும். ஆகவே பழுப்பு முட்டையை உடைத்தால் உள்ளே வெள்ளை, நீல முட்டையை உடைத்தால் உள்ளேயும் நீலம். சாயம் பூசிய முட்டையை இப்படி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம்.

ஒன்று 200 ரூபாய் வீதம் பத்து முட்டைகளை மடியில் வைத்து மின்சார ரயிலில் கொண்டுவந்து, கூர்முனை கீழாக அரைநாள் அசையாமல் வைத்துவிட்டு, ஆகஸ்ட் 30 அன்று அடைபொறியில் அடுக்கினேன். இம்முறை 18 நாளும் பெட்டிக்குள் ஒரு சொட்டு நீர் வைக்கவில்லை. சென்னைக் காற்றே போதுமான ஈரத்தைத் தந்தது. மூன்று நாளுக்கொரு முறை நிறுத்து எழுதினேன். 18ஆம் நாள் எடை இழப்பு 12 சதவீதம். அதன் பிறகுதான் நீர்க்கிண்ணம் வைத்து ஈரப்பதத்தை 68 சதவீதம் வரை ஏற்றினேன். செப்டம்பர் 20 அன்று ஒன்பது கருமுட்டையில் எட்டு பொரித்தன. பெட்டை ஐந்து, சேவல் மூன்று. அக்கம்பக்கத்து உறக்கத்தை எண்ணிச் சேவல்களை நான்கு மாதத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசியை வாரக்கணக்குப் பார்த்துத் தவறாமல் போட்டேன். அம்மைத் தடுப்பூசியை மட்டும் மழை விடட்டும் என்று ஒத்திப்போட்டேன், அது தவறு. கோழியம்மையைப் பறவைக்குப் பறவை பரப்புவதில் கொசுவுக்குப் பெரும் பங்கு உண்டு, நவம்பரில் எங்கள் பகுதிக் கொசுவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எட்டில் ஆறுக்குக் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் கண்டது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசி, கண் மூடிய இரண்டுக்குக் கையால் தீவனம் ஊட்டிப் பிழைக்க வைத்தேன். அடுத்த முறை ஆறாவது வாரமே அம்மை ஊசி. கூண்டைச் சுற்றிக் கொசுவலைத் துணியும்.

மார்ச் 11 அன்று வந்த முதல் நீல முட்டையை இட்டது எது என்று கண்டுபிடிக்க, ஐந்து பெட்டைகளின் காலிலும் ஐந்து நிற வளையம் மாட்டி, மூன்று நாள் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மஞ்சள் வளையம். நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை உடைய பெட்டை அது. கொண்டையை நம்பித் தேர்ந்தெடுத்திருந்தால் முதல் வாரமே கழித்துவிட்டிருப்பேன். சிவப்பும் பச்சையும் வளையமிட்டவை மார்ச் இறுதியில் ஆலிவ் கலந்த பச்சை முட்டை இட்டன. மற்ற இரண்டும் வெளிர்பழுப்பு. ஐந்தில் மூன்று.

அந்தப் பச்சையை நேரில் பிரித்துப் பார்க்க விரும்பி, ஒரு முட்டையைக் கிண்ணத்தில் வெள்ளை வினிகர் ஊற்றி மூழ்க வைத்தேன். ஓடு முழுதும் நுண்ணிய குமிழ்கள் பூத்தன. பத்து நிமிடம் கழித்து ஈரத் துணியால் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தபோது, துணியில் டீத்தூள் சக்கையின் நிறத்தில் கறை ஏறியது. விரல் போன இடத்தில் மட்டும் அடியிலிருந்த நீலம் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெளிப்பட்டது. நீலத்தின் மேல் பழுப்பு படிந்தால் பச்சை என்று எத்தனையோ முறை படித்திருந்தும், என் கட்டைவிரலின் கீழ் அது பிரிந்ததைப் பார்த்த மகிழ்ச்சி வேறு. மகளும் மாமியாரும் ஆளுக்கொரு முட்டை தேய்த்தார்கள்.

மே மாத வெயிலில் ஓடுகள் மெலிந்தன. பொறுக்கும்போதே இரண்டு கையில் உடைந்தன. வெப்பத்தில் கோழி வாய் திறந்து மூச்சிரைக்கும்போது இரத்தத்தில் உள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுவதால், தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் ஓட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. தகரக் கூரையின் மேல் அரை அடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தேன் (900 ரூபாய்), மேற்குப் பக்கம் நனைத்த சாக்கு தொங்கவிட்டேன், தீவனத்தை அதிகாலை ஐந்து மணிக்கும் மாலை ஐந்துக்குமாக மாற்றினேன். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால் கிளிஞ்சலைப் பொடியாக்காமல் அரிசி அளவுக்கு இடித்து, மாலையில் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். பெரிய துண்டு இரைப்பையில் மெதுவாகக் கரைந்து இரவு முழுதும் சுண்ணாம்பைக் கொடுக்கும். பத்து நாளில் ஓடு கெட்டிப்பட்டது. அந்த வாரங்களில் பழுப்பு முட்டைகள் வெளுத்தன, ஆலிவ் முட்டைகள் நீலத்தை நோக்கி நகர்ந்தன. மேலே படியும் பழுப்பு குறைந்ததுதான் காரணம். மஞ்சள் வளையத்தின் முட்டை என் கண்ணுக்கு மாறவே இல்லை.

இளமஞ்சள் இட்ட இரண்டையும் அம்மா வீட்டுக்குக் கொடுத்தபின் இப்போது ஒன்பது கோழிகள். ஒன்று நாளைக்கு 110 கிராம் என்று 50 கிலோ முட்டைத்தீவன மூட்டை (1,750 ரூபாய்) ஐம்பது நாள் வருகிறது. நாளுக்கு 35 ரூபாய், சராசரி ஐந்து முட்டை. ஆக ஒரு முட்டைக்குத் தீவனச் செலவு மட்டும் ஏழு ரூபாய். கடை முட்டையைவிட மலிவு என்று யாரும் இதில் இறங்க வேண்டாம். சுவையிலும் நிறத்தால் வேறுபாடு இல்லை. மஞ்சள் கருவின் அடர்ந்த நிறம் நான் போடும் முருங்கைக்கீரையாலும் அகத்திக்கீரையாலும் வருவது, ஓட்டின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மறுபடி கட்டினால் கூண்டின் கால்களை மூன்றடியாக வைப்பேன்; இரண்டேகால் அடியில் குனிந்து எருவை வாருவது முதுகைப் பிடிக்கிறது. முட்டைப் பெட்டியின் கதவை வெளிப்புறம் திறக்கும்படி வைப்பேன். முதல் நாளிலேயே கால் வளையம் மாட்டுவேன். அடுத்த தலைமுறைக்கு, தாயின் முட்டை மட்டுமல்லாமல் சேவலின் தாய் இட்ட முட்டையின் ஓட்டையும் கேட்டுப் பார்த்தே சேவலைத் தேர்வேன்.

அந்தச் சேவல் கிடைத்துவிட்டது. மூன்று வாரம் இரவல் வாங்கி, இரவில் இருட்டுப் பெட்டியில் அடைத்துக் கூவாமல் பார்த்துக்கொண்டு, மஞ்சள் வளையத்துடன் சேர்த்து வைத்திருந்தேன். இம்முறை அடைபொறியை எடுக்கவில்லை. சிறுவிடை அடைக்கு உட்கார்ந்திருந்ததால் அதன் அடியிலேயே ஏழு நீல முட்டைகளை வைத்துவிட்டேன். நேற்று ஏழாம் நாள். டார்ச் ஒளியில் ஆறில் சிலந்திவலைபோல் இரத்தக்குழாய் ஓடியது. நீல ஓட்டின் வழியாகப் பார்ப்பது சற்றுக் கடினம், இன்னும் இருட்டான அறையும் வலுவான டார்ச்சும் தேவை. ஏழாவதை வெளியே எடுக்கவில்லை. பத்தாம் நாள் இன்னொரு முறை பார்ப்பேன்.